ஒரு ரெக்கார்டும் இரண்டு ஊசிகளும்

1

இந்த வருடம் அய்யன் திதிக்கு நான் ஊருக்கு வரவில்லை. கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில் அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். ஜெர்மன்காரியாகிவிட்டாள் என்கிறார்கள். அண்ணனோடு நிலத்தகராறு என்கிறார்கள். மகளுக்கு வெள்ளைக்காரப் பையனைப் பார்த்துவிட்டதால் முகம் காட்ட வெட்கம் என்று ஒருத்தி கொழிஞ்சாம்பாறை சந்தையில் சொன்னாளாம்.

ஒன்றும் உண்மையில்லை. ஒரு ரெக்கார்டு பிளேயருக்கு ஊசி மாற்றினேன். அதனால்தான் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் எனக்குப் போன் செய்து ஆறுதல் சொல்ல வேண்டாம்.

2

எங்கள் வீட்டில் அப்பாவை அய்யன் என்போம். அய்யன் ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டிச் செயலாளர். பாட்டும் எழுதுவார். எனக்குப் பதினைந்து வயதானபோது, அவர் எழுதிய இரண்டு அம்மன் பாட்டை ரெக்கார்டாகப் போட்டு நோம்பித் திருவிழாவுக்கு வெளியிடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. பாடுவதற்கு என்னைத்தான் கூட்டிப் போனார். கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோ. அய்யனும் அண்ணன் ரங்கசாமியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டில் ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்கிவிட்டேன். அய்யன் கண்ணாடி வழியாகப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பன் வாங்கிக் கொடுத்தார்.

மாதிரிக்கு ஒரே ஒரு ரெக்கார்டு வந்தது. அதற்குள் கமிட்டிக்குள் அடிதடியாகி, மேற்கொண்டு அச்சடிக்கவில்லை. அந்த ஒன்று எங்கள் வீட்டில் தங்கியது. நடுவில் ஒட்டிய தாளில் என் பெயர் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் எல்லோரும் கேட்பதாக இருந்தது. நான் திரும்பி வந்தபோது வீட்டிலிருந்த பிளேயரில் ஊசி இல்லை. ஊசியை மட்டுமல்ல, அது பொருந்தியிருக்கும் சிறு பெட்டியையே அண்ணன் கழற்றிக் கிணற்றில் போட்டிருந்தார்.

"பொம்பளப் புள்ள பாட்ட ஊரு கேக்க வேண்டியதில்ல" என்றார். அவருக்குப் பத்தொன்பது வயது.

அய்யன் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததை நான் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதைவிட மோசம் பிறகு நடந்தது. என்னை யாராவது பெண் பார்க்க வந்தால், உறவுக்காரர்கள் வந்தால், அண்ணனே சொல்லுவார்: "என்ற தங்கச்சி ரெக்கார்டுல பாடியிருக்குதுங்க." எங்கே போடுங்கள் என்று கேட்டால், "அதெல்லாம் ஊட்டுக்குள்ளயே இருக்கட்டுமுங்க" என்பார். பெருமையும் அவருக்கு வேண்டும், பூட்டும் அவர் கையில் வேண்டும். அன்றிலிருந்து நான் பாடவில்லை. ஒரு மனிதனை நாற்பது வருடம் விடாமல் வெறுப்பது எளிதில்லை. ஒரு நாள்கூட எனக்கு அது தவறியதில்லை.

3

போன வருடத் திதிக்கு வந்தபோது வீட்டில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அலமாரிச் சாமான் எல்லாம் கட்டில்மேல் கிடந்தது. பழைய பத்திரங்களுக்கு அடியில் ரெக்கார்டு இருந்தது. எடுத்து என் பெட்டியில் வைத்தேன். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். நங்கையாதான் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் வாசற்படியிலேயே நின்றார். "அத என்னத்துக்கு எடுக்கற?"

"என்ற பாட்டுங்க. நான் எடுக்கறேன்."

"அய்யன் பாட்டு."

"பாடுனது நானுங்க. அதுல என்ற பேருதான் இருக்குது."

எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்து என்றாலும் 'ங்க'வை விடமாட்டோம். அண்ணன் ரெக்கார்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கொண்டு போறதுன்னா போ. சாமானா வெச்சுக்க. ஓட்டிப் பாக்காத, கெட்டுப்போயிரும்."

"கெடறதுக்கு இனி என்னங்ணா மிச்சமிருக்குது?" என்றேன்.

மறுநாள் நான் கிளம்பியபோது அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறும்வரை நங்கையா மட்டும் கூட நின்றார்.

4

நான் இருப்பது ஜெர்மனியின் நடுவில் ஒரு சிறிய நகரம். இருபத்தாறு வருடமாக முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். மகள் கீர்த்தனா வேறு நகரத்தில் இருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். பத்து வயதில் தொடங்கிய வழக்கம். முதலில் திட்டினேன், பிறகு விட்டுவிட்டேன். இப்போது இரண்டு வானொலிகள் பேசிக்கொள்வதுபோல் பேசுகிறோம்.

இங்கே என் பெயர் சிவகாமி இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருந்ததால் அதையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார்கள். திருத்துவதற்கு நாட்டிலிருந்து ஒரு சான்றிதழ் கேட்டார்கள். சித்தூர் தாலுக்கா ஆபீசில் அபேட்சை மனு கொடுத்தால், மலையாளத்தில் சிவகாமி ஒரு மாதிரி, இங்கிலீஷில் ஒரு மாதிரி இருக்கிறதே, முதலில் அதைத் திருத்து என்றார்கள். மூன்று விடுமுறை அலைந்தேன். முடியவில்லை. ஆகவே இருபத்தாறு வருடமாக என்னை எல்லோரும் 'ஃப்ராவ் குப்புசாமி' என்கிறார்கள். திருமதி குப்புசாமி. என் அம்மாவைக்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் பழைய சாமான் சந்தையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை, வீட்டில் யாரும் இல்லாதபோது, ரெக்கார்டைப் போட்டேன்.

முதலில் வறுக்கிற சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல். சொற்கள் பாதிதான் புரிந்தன. ஆனால் ஒவ்வொரு 'ச'வும் விசில்போல் சீறியது. எனக்கு முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி உண்டு. இன்றைக்கும் 'சாமி' என்று சொன்னால் காற்று வரும். பள்ளிக்கூடத்தில் அதற்காக என்னைச் சீட்டி என்று கூப்பிட்டார்கள். அந்தச் சீட்டி ரெக்கார்டில் இருந்தது. நான்தான். சோபாவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுத கையோடு அண்ணனை நாக்குக்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். வீட்டில் ஆளில்லாதது நல்லதாகப் போயிற்று.

அதைப் போனில் பதிவு செய்து கீர்த்தனாவுக்கு அனுப்பினேன். ஒரு சிவப்பு இதயம் வந்தது. அடுத்த நாள் கேட்டேன், எப்படி இருந்தது என்று. "மாமா, கர்ர்ர் என்றுதான் கேட்டது. யாராவது பாடுகிறார்களா அதில்?" என்றாள், ஜெர்மனில். அம்மாவுக்கு அங்கே 'மாமா' என்றுதான் சொல்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், நல்ல ஊசி ஒன்று வாங்குவது என்று.

5

இந்த நகரத்தில் ஒரு கடையில் 'நாடல்' வேண்டும் என்று கேட்டதற்குத் தையல் சாமான் கடைக்கு வழி காட்டினார்கள். ஜெர்மனில் தையல் ஊசிக்கும் பிளேயர் ஊசிக்கும் ஒரே சொல். வாங்க வேண்டியது ஊசி அல்ல, கார்ட்ரிட்ஜ் என்று பிறகுதான் தெரிந்தது. பிளேயரின் கை நுனியில் பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி தொங்கும். அதன் அடியில்தான் ஊசி. ரெக்கார்டின் கோட்டில் ஊசி ஆடுவதை மின்சாரமாக மாற்றுவது அந்தப் பெட்டி. அண்ணன் கிணற்றில் போட்டது அதைத்தான்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு கடை வைத்திருக்கும் கிழவரிடம் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வணக்கம் சொல்லவில்லை. ஊசியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். நுனி உடைந்து, பல்குத்தும் குச்சிபோல் இருந்தது.

"இதை வைத்து எதையாவது ஓட்டினீர்களா?"

"ஓட்டினேன்."

"இனி ஓட்டாதீர்கள். இது ரெக்கார்டை உழுதுவிடும்."

ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்து வைத்தார். நுனி உருண்டையானது, பழைய ரெக்கார்டுக்கு இது போதும், கீறல் தூசிமேல் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றார். கண்ணாடிக்குள் வேறு சில இருந்தன. ஒன்றின் நுனி நீள்வட்டம். இன்னொன்று கத்திபோலத் தீட்டியது, ரெக்கார்டு வெட்டிய உளியின் வடிவத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்தது. அது கோட்டின் அடிவரை போய் எல்லாவற்றையும் எடுக்கும்.

"அது என்ன விலை?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு வேண்டாம்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் இந்த நாட்டில் எத்தனை முறை கேட்டிருப்பேன். இந்தப் படிப்பு உங்களுக்கு வேண்டாம். இந்த வீடு உங்களுக்கு வேண்டாம். உங்கள் மகளுக்கு அந்தப் பள்ளி வேண்டாம். சமையலறைச் சீருடையோடு போயிருந்தேன், அதைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு எது வேண்டும் என்று நான் சொல்கிறேன்" என்றேன். என் ஜெர்மன் கோபத்தில் மட்டும்தான் இலக்கணத்தோடு வரும்.

அவரும் விடவில்லை. "உருண்டை ஊசி கெட்டதை மறைத்துவிடும். இது எதையும் மறைக்காது. பிறகு என்னிடம் வந்து குறை சொல்லக் கூடாது."

தூசியைத்தான் சொன்னார். நான் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தீட்டிய ஊசி உள்ளதையே, ஜப்பானிலிருந்து, இணையத்தில் வரவழைத்தேன். அவரிடம் வாங்கக் கூடாது என்பதற்காகவே. கீர்த்தனா, "டிஜிட்டலாக மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறது மாமா, அனுப்பி வைத்தால் போதும்" என்றாள். என் குரலை ஏன் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். கணவர், "என்னத்துக்கு இந்த ஆட்டம்" என்றார்.

6

பார்சல் சுங்க அலுவலகத்தில் நின்றுவிட்டது. நேரில் வரச் சொல்லிக் கடிதம். ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சீட்டு எடுத்து, எண் வரும்வரை உட்கார்ந்து, கடைசியில் ஒரு இளைஞன், "ஃப்ராவ் குப்புசாமி" என்று கூப்பிட்டான்.

"உள்ளே என்ன?"

"நாடல்" என்றேன்.

"மருத்துவத்துக்கா? சர்க்கரை நோயா? மருத்துவர் சீட்டு வேண்டும்."

"இல்லை. ப்ளாட்டெக்கு."

ப்ளாட்டெ என்றால் ரெக்கார்டு. அதே சொல்தான் அடுப்புத் தகட்டுக்கும். சமையலறையில் நாளெல்லாம் அதைத்தான் சொல்கிறேன். அவன் என் சீருடையைப் பார்த்தான். "அடுப்புக்கு ஊசியா?" பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் அந்த மேசை முன்னால் நின்று, விரலை வட்டமாகச் சுற்றி, வாயால் இசைபோலச் சத்தம் செய்து காட்டினேன். ஐம்பத்தாறு வயதில். ஊரில் உள்ளவர்களே, வெளிநாட்டு வாழ்க்கை என்று நீங்கள் சொல்வது இதுதான்.

அவன் பெட்டியைப் பிரித்து, பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்தான்.

அதைப் பொருத்த எனக்குத் தெரியவில்லை. தலைமுடி கனத்துக்கு நாலு கம்பி. வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். வெங்காயம் நறுக்கித் தடித்த விரல் என்னுடையது. வேறு வழியில்லாமல் அதே கிழவரிடம் போனேன். பெட்டியைப் பார்த்தார். எங்கே வாங்கினேன் என்று கேட்கவில்லை. இடுக்கியால் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, ஊசி எவ்வளவு கனத்தில் அழுந்த வேண்டும் என்று சின்னத் தராசு வைத்துச் சரிசெய்து, ரெக்கார்டையும் வாங்கிக் கழுவிக் கொடுத்தார். அரை மணி நேரம் ஆனது.

கிளம்பும்போது, "பாடகர்களின் 'ஸ' எல்லாம் இனி சுத்தமாகக் கேட்கும். உடைந்த ஊசியில் அது சீறும்" என்றார்.

எனக்கு அப்போது உறைக்கவில்லை.

7

அடுத்த சனிக்கிழமை போட்டேன். வறுக்கிற சத்தம் போய்விட்டது. ஆர்மோனியம் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் இருந்தது. பிறகு குரல்.

'சாமி' என்றாள். காற்று வரவில்லை. 'சூலம்', 'சக்தி', எதிலும் காற்றே இல்லை. ரெக்கார்டு சுற்றும் வேகம் தப்போ என்று நிறுத்திப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திருப்பிப் போட்டேன். இரண்டாவது பாட்டில் நான் மூச்சு வாங்கிய இடத்துக்காகக் காத்திருந்தேன். அந்தப் பெண் அந்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டிப் போனாள். தாண்டிப் போய், நான் எட்டவே எட்டாத ஒரு உயரத்தில் நின்று, நிதானமாக இறங்கினாள். நன்றாகப் பாடினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாலு முறை கேட்டேன். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம்.

"ரெக்கார்டப் போட்டுக் கேட்டேனுங்க" என்றேன்.

"ம்."

"அது நானில்லீங்க."

கோழிகள் சத்தம் கேட்டது. அண்ணன் எங்கோ நடந்து போனார். கதவு சாத்தும் சத்தம்.

"ஆருங்க அந்தப் புள்ள?"

"கோயமுத்தூருப் புள்ள. ஸ்டுடியோக்காரன் கூட்டியாந்தான். பேரு ஞாபகமில்ல."

"எப்பங்க?"

"நீ பாடீட்டு வந்ததுக்கு அடுத்த நாளு. அய்யனும் நானும் திரும்பிப் போனோம்."

"ஆரு சொல்லி?"

"அய்யன் சொல்லித்தான். வேற ஆரு சொல்லுவாங்க? உனக்குச் சுருதி நிக்கல. ஸ்டுடியோக்காரன் நாலு தடவ ஓட்டிக் காமிச்சான். அவுரு எழுதுன பாட்டு. கெடறதுக்கு உடுவாரா?"

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"அவுரு சொல்லுவாருன்னு இருந்தேன். சொல்லல. பேரு வேற உன்ற பேராவே அடிச்சு வந்திருச்சு. நீ அதத் தூக்கீட்டுத் தெரு முச்சூடும் காட்டப் போயிட்ட. சாயந்தரம் ஓட்டுனா ஊரு முன்னால உனக்கு என்ன ஆகும்? அய்யன் திருநீத்தப் பூசீட்டுப் பேசாம உக்காந்துட்டாரு. நாந்தான் கழட்டிப் போட்டேன்."

"பொம்பளப் புள்ள பாட்டுன்னு சொன்னீங்களே."

"அப்படிச் சொன்னா மேல கேள்வி கேக்கமாட்டீன்னு சொன்னேன். கேக்கலையல்ல."

"நான் அதுக்கப்பறம் பாடவே இல்லீங்க."

"பாட வேண்டாம்னு நான் சொல்லல. ரெக்கார்ட ஓட்ட வேண்டாம்னுதான் சொன்னேன்."

நாற்பது வருடம் இந்த மனிதன் செத்தாலும் அழமாட்டேன் என்று இருந்தேன். அந்தப் பேச்சுக்குப் பிறகாவது மனம் இளகியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். இளகவில்லை. இன்னும் கொதித்தது. இன்னொருவர் செய்த தப்பை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, என்னை இத்தனை வருடம் ஒரு பொய்யான ஆளைப் பகைக்க விட்டார். என்னைக் கேட்டாரா?

"அய்யன் உயிரோட இருக்கறப்பவாவது சொல்லியிருக்கலாமல்லங்க" என்றேன்.

"சொன்னா நீ அய்யங்கூடச் சண்டை கட்டுவ. எங்கூடக் கட்டீட்டுப் போறதுன்னு உட்டுட்டேன். எனக்கென்ன, நானென்ன வெளிநாடா போறேன்?"

நான் போனை அணைத்துவிட்டேன்.

8

அய்யன்மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. பழக்கமில்லாத இடத்தில் பாரம் வைத்ததுபோல் நழுவிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் பன் வாங்கிக் கொடுத்தது நினைவுக்கு வரும். அப்போதே முடிவு செய்துவிட்டுத்தான் வாங்கினாரா என்பது அடுத்து வரும். வேலையிடத்தில் யாராவது 'ஃப்ராவ் குப்புசாமி' என்றால் ஒரு நொடி திரும்பாமல் நின்றேன். மேற்பார்வையாளர் எனக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று கேட்டாள்.

திதிக்கு எடுத்திருந்த விமானச் சீட்டை ரத்து செய்தேன். அய்யன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, எப்போதும்போல் கும்பிட்டு நிற்க என்னால் முடியாது. நிற்காமல் போனால் ஊர் கேட்கும். அதனால்தான் வரவில்லை. வேறு கதை வேண்டாம்.

9

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனா வந்தாள். வந்தவள் பிளேயரைப் பார்த்தாள். அந்தப் புது ஊசி போட்டாயா, கேட்கலாமா என்றாள். வேண்டாம் என்றேன். அவளே மூடியைத் திறந்து ரெக்கார்டை ஓடவிட்டாள். நான் சமையலறையில் நின்றுகொண்டேன்.

முதல் பாட்டு முடியப்போகிற நேரத்தில் எட்டிப் பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் போனைக் கவிழ்த்து வைத்து நான் பார்த்ததில்லை. அவளே திருப்பிப் போட்டாள். இரண்டாவது பாட்டும் முடிந்தது. ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, இது நீயா பாடினே?"

தமிழில் கேட்டாள். கொச்சையாகத்தான். ஆனால் 'மாமா' என்று சொல்லவில்லை, அம்மா என்றாள். எத்தனை வருடமாயிற்று என்று எனக்குக் கணக்கில்லை.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். யாரோ ஒரு கோயமுத்தூர்ப் பெண், பெயர் தெரியாது, என் சுருதி நிற்கவில்லை, உன் தாத்தா என்னை ஏமாற்றினார். எல்லாம் வரிசையாக நாக்கில் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். பாட்டில் வரும் சொற்களுக்கு அர்த்தம் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். போகும்போது போனில் பதிவு செய்துகொண்டு, என் அம்மா என்று எழுதிச் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள். ஊருக்குப் போகும்போது மாமனிடம் இதைப் பற்றி நிறையக் கேட்க வேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை வேலை இடைவேளையில், குப்பைத்தொட்டிகள் இருக்கும் பின்வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். திதி நல்லபடியாக முடிந்ததா என்று நான் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

"கீர்த்தனாகிட்ட நாந்தான் பாடுனேன்னு சொல்லிட்டேனுங்க" என்றேன். "ஊருக்கு வந்து கேட்டான்னா நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

அண்ணன் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நாப்பது வருசமா நான் அதத்தான சொல்லீட்டு இருக்கறேன்" என்றார்.

இந்த முறை போனை வைத்தவர் அவர்.